எட்டு அங்குல நிபுணர்

எமிலியானுஸ் முப்பத்து மூன்று வருடம் அரச பொறியியலாளராக இருந்தார். அந்தக் காலம் முழுவதும் அவர் சொன்னதை அவருடைய சாரதிகூடக் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஓய்வு பெற்று நாலாம் வருடம், 2014இல், கொழும்பில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனம் அவரை 'முதுநிலை நிபுணர்' ஆக்கியது. இப்போது அவர் இருமினாலும் யாராவது குறிப்பெடுக்கிறார்கள். பள்ளிமுனை வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டியே ஆக வேண்டும் என்று மனைவி பெற்றிசியா ஒற்றைக்காலில் நின்றாள்.

நிறுவனத்தின் முகாமையாளர் பாயிஸ் ஒரு நாள் காலையில் தொலைபேசியில் வந்தான்.

"சேர், நறுவிலிக்குளத்துக்கு அங்கால ஒரு சின்னக் குளம் இருக்குதாம். வாய்க்கால் தண்ணியைப் பிரிக்கிற சீமெந்துத் தொட்டி ஒண்டும் இருக்காம். மேல்வயலுக்கும் வாய்க்கால் முடியிற கடைவயலுக்கும் சரிசமனாத் தண்ணி போறது அங்க மட்டும்தானாம். எப்பிடியெண்டு பாத்து எழுதித் தாங்கோ. அதே மாதிரி முசலியில ஏழு இடத்தில கட்டப் போறம்."

"ஆர் கட்டினதாம்?"

"பழைய ஆள் ஆரோ. பெரிய மூளைக்காரன், சேர்."

அந்தப் பெரிய மூளைக்காரர் தொலைபேசியைக் கீழே வைத்தார்.

1979இல் அந்தத் தொட்டியைக் கட்டியவர் அவர்தான். மட்டக்கோலைப் பிழையாக வாசித்து, கடைவயல் பக்கச் சுவரை எட்டு அங்குலம் உயர்த்திவிட்டார். வாய்க்கால் நிரம்பி வழிந்தாலொழிய அந்தப் பக்கம் சொட்டுத் தண்ணீர் போகாது. மூன்று மாதம் கழித்துக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டியபோது பிழை தெரிந்தது. ஆனால் அது பதவி உயர்வுக்கு நேர்முகத் தேர்வு நெருங்கியிருந்த நேரம். கடைவயல்காரர் அனுப்பிய மனுவின் கீழே, 'கட்டுமானத்தில் குறை இல்லை. விவசாயிகளே தண்ணீரை வீணாக்குகிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அடுத்த வருடம் இடமாற்றம் வந்தது. அதன்பிறகு அந்தத் திசையில் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. கோவிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட அதை மட்டும் சொன்னதில்லை. கோபம், சோம்பல் என்று சில்லறைப் பாவங்களைக் கொட்டிவிட்டு எழும்பி வந்துவிடுவார்.

இப்போது அந்தத் தொட்டி சரிசமனாகப் பிரிக்கிறதாம். தண்ணீர் மேட்டில் ஏறக் கற்றுக்கொண்டாலொழிய அது நடக்கிற காரியமில்லை.

மறுநாளே ஜீப்பில் போய் இறங்கினார். தொட்டியருகே சிங்கராசா என்ற கிழவர் நின்றார்; கடைவயல்காரர். எமிலியானுஸ் சுவரை அளந்தார். அதே எட்டு அங்குலம். கடைவயலோ பச்சைப்பசேல் என்று கிடந்தது. கிழவர் சுவரோரத்தில் நின்ற இடத்தைவிட்டு அசையாமலே நின்றார்.

எமிலியானுசுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அண்ணை, இந்தச் சுவரைப் பிழையாக் கட்டினவன் நான்தான். தெரிஞ்சும் மறைச்சனான்."

கிழவர் காறித் துப்புவார் என்று காத்திருந்தார். கிழவரின் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது.

"அப்ப நீங்கள் எங்களைக் காட்டிக் குடுக்க மாட்டியள்," என்று விலகி நின்றார். அவர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் சுவர் கொத்தப்பட்டு, பள்ளத்தில் ஒரு மண்மூட்டை திணிக்கப்பட்டிருந்தது. "நீங்கள் மாறிப்போன கிழமையே கொத்திப் போட்டம். ஜீப் சத்தம் கேட்டா மூட்டையை வைச்சு அடைப்பம். சண்டைக் காலத்தில ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்தும் முதல் வேலையா இதைத்தான் துப்புரவாக்கினம். எழுதிப்போடாதேங்கோ ஐயா, அரசாங்கச் சொத்தை உடைச்சதெண்டு வழக்குப் போடுவாங்கள்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் ரெண்டு போகம் கருகினதுதான். என்ரை தங்கச்சிக்குப் பேசின கலியாணம் அதோட நிண்டு போச்சுது. பிறகு அவ கட்டேல்ல." கிழவர் மூட்டையை இழுத்து எடுத்தார். தண்ணீர் பாய்ந்தது. "தேத்தண்ணி குடிக்கிறியளே?"

எமிலியானுஸ் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வாயை மூடிக்கொண்டால் முசலியில் ஏழு ஊர்க் கடைவயல் கருகும். கண்டதையெல்லாம் எழுதினால் சிங்கராசா நீதிமன்ற வாசலில் நிற்பார். மூன்று நாள் யோசித்து, தன் பெயரை மட்டும் பலி கொடுப்பது என்று முடிவெடுத்தார். 'மூலத் தொட்டியின் அளவு பிழை. பிழை விட்டவன் நான். தெரிந்தும் மறைத்தேன். சுவரை எட்டு அங்குலம் தாழ்த்திக் கட்டுக' என்று எழுதி, புது வரைபடத்தையும் இணைத்து அனுப்பினார். கொத்திய பள்ளத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. இனி நிபுணர் பதவிக்கு முழுக்குத்தான் என்று நினைத்தபோது மனது லேசாகியது.

அறிக்கை கிடைத்ததும் பாயிஸ் தொலைபேசியில் சந்தோஷமாகப் பேசினான்.

"சேர், பிழை எண்ட சொல்லை மட்டும் எடுத்திட்டன். 'மூல வடிவமைப்பாளரே மேம்படுத்திய புதிய வடிவம்' எண்டு போட்டிருக்கு. காசு குடுக்கிறவங்களுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது."

"தம்பி, அது பொய்."

"எங்கட நிபுணர் பிழை விட்டவர் எண்டு எழுதினா, பிறகு ஆர் சேர் எங்களைக் கூப்பிடப் போறாங்க?"

அடுத்த வருடம் முசலியில் முதலாவது தொட்டியைத் திறந்தார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே அளவாய் ஓடியதைப் பார்த்து எமிலியானுசுக்குக் கண் கலங்கியது. பொன்னாடை போர்த்தி ஒலிவாங்கியை நீட்டினார்கள். அறிக்கையில்தான் வெட்டினார்கள், வாயை யார் வெட்டுவது என்று துணிந்தார்.

"இதை முதல்ல பிழையாக் கட்டினவன் நான். தெரிஞ்சும் மறைச்சனான். ரெண்டு போகம் ஒரு ஊர் வயல் கருகினது என்னாலதான்."

விவசாயச் சங்கத் தலைவர் வஸீர் எழும்பி வந்து அவரைக் கட்டிப் பிடித்தார். ஒலிவாங்கியை வாங்கியபோது வஸீரின் குரல் தழுதழுத்தது.

"பாத்தீங்களா? எவ்வளவு படிச்ச மனுசன்! எவ்வளவு பணிவு!"

கைதட்டல் கூரைத் தகரத்தில் மோதி எழுந்தது. முன்வரிசையில் பெற்றிசியா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். இது பணிவில்லை, மன்னியுங்கோ என்று சொல்ல எமிலியானுஸ் மறுபடியும் வாயைத் திறந்தபோது, ஒலிவாங்கி அடுத்த பேச்சாளரின் கைக்குப் போயிருந்தது.