ரிவர்ஸ்காரர்

"தூக்குற நாலு பேரும் பின்பக்கமா நடக்கணும். கூடவே உண்டியல் வரும்," என்றார் நிதி திரட்டும் சங்கத்தின் செயலாளர். துக்க வீடு என்பதால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் பேனர் ஏற்கெனவே அச்சாகி, சுருட்டி, அவர் கக்கத்தில் இருந்தது.

மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அப்பா வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக, ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பின்பக்கமாகவே நடந்து நிதி திரட்டியவர். ஊருக்கு அவர் ரிவர்ஸ்காரர். பள்ளிக்கூடத்தில் அவள் ரிவர்ஸ் பொண்ணு. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றுகூட அவர் நடக்கத்தான் போனார். மறுநாள் பேப்பரில் பல்லெல்லாம் தெரிய அவர் படம் வந்தது. அன்றைக்கு விழுந்த கசப்பு அவளுக்கு லேசில் போகவில்லை.

"வேண்டாம் சார். இன்னிக்காவது அவரை எல்லாரையும் மாதிரி அனுப்புவோம்."

"குழந்தைங்களுக்காகத்தானேம்மா..."

"குழந்தைங்களுக்கா, பேனருக்கா?"

செயலாளர் பேனரை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இதே கேள்வியை நேற்றுக் காலை அப்பாவிடமும் கேட்டிருந்தாள், ஸ்பூனால் பால் கொடுத்தபடியே. "யாருக்காகப்பா நடந்தீங்க?" சேவை, கடமை என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவது என்றிருந்தாள்.

"கைதட்டுவாங்கல்ல, அதுக்குத்தான்," என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல். "அத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன், ஒருத்தன் தட்டல. பின்னாடி நடந்தேன், தெருவே தட்டுச்சு. தட்டின கை அப்புறம் சட்டைப்பைக்கும் போச்சு. பிள்ளைங்களுக்குக் கட்டில் வந்துச்சு. போதாதா?" மூச்சு வாங்கியது. "உங்கம்மா மட்டும் ஒருநாளும் தட்டல. ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரியில உக்கார எனக்குப் பயம். அதான் நடக்கப் போயிட்டேன். அவகிட்ட சொல்லிடு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தியாகி வேஷம் என்று இத்தனை நாள் பொருமியிருந்தாள். அவர் வேஷமே போடவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நேற்றுச் சாயங்காலம், அப்பாவின் மூச்சு அடங்கிய பிறகு, அம்மாவிடம் சொன்னாள்.

"பயந்தாங்கொள்ளி. எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

இப்போது மகள் வழியை விட்டாள். "பேனர் வேண்டாம் சார். உண்டியலை மட்டும் வாசல்ல வைங்க. போடுறவங்க போடட்டும்."

பழைய டிப்போ ஆட்கள் நாலு பேர் எல்லாரையும் போலவே முன்னால் பார்த்து நடந்து, அப்பாவை வாசலில் நின்ற அமரர் ஊர்தியில் ஏற்றினார்கள். கதவைச் சாத்திய டிரைவர் சந்தின் கோடியை எட்டிப் பார்த்தார். சுவர். தலையைச் சொறிந்துகொண்டே அவளிடம் வந்தார்.

"முட்டுச்சந்தும்மா. திருப்ப இடமில்ல. மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸ்லதான் போகணும்... பரவாயில்லையா?"

செயலாளர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுங்கண்ணே," என்றாள் மகள். பின்னால் போய் நின்று, வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினாள். "வரலாம்... வரலாம்... லேசா லெஃப்ட்ல ஒடிங்க... வரலாம்."

வண்டி பின்பக்கமாக நகர்ந்தது. சந்தில் நின்ற கூட்டம் இரண்டாகப் பிரிந்து சுவரோரம் ஒதுங்கியது. வாசலில் அம்மா, முகம் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கைதட்ட ஆரம்பித்தாள்.