சத்தம் போடாத மோட்டார்

"ஏம்மா, மாவு மில்லுல குந்திக்கினா பேசுற?" என்று கேட்டுவிட்டு, போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வீடியோ காலைத் துண்டித்துவிட்டாள். அந்த வளையல் ஆர்டர் போனது போனதுதான்.

இன்று சாயங்காலம் மேல்சித்தாமூரிலிருந்து பிரம்மி கூப்பிடப் போகிறாள். அவள் கல்யாணத்துக்கு, வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பட்டுநூல் வளையல் வேண்டுமாம். இதுவும் கைநழுவினால், வீட்டிலேயே வளையல் செய்து விற்கும் ஜெயஸ்ரீ மறுபடி திண்டிவனம் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான். வேலைக்கு வருகிறாளா என்று கடைக்காரர் நாளைக்குள் பதில் கேட்டிருந்தார்.

வீடியோ காலில் வளையலைக் கையில் பிடித்துக் காட்டினால் படம் ஆடுகிறது. தானாகச் சுற்றினால்தான் கல் மின்னும். அதற்காகப் பிளைவுட் பெட்டி அடித்து, மேலே சுழலும் தட்டும் பொருத்திக் கொடுத்தான், வேர்க்கடலை மில்லில் வேலை பார்க்கும் அவள் புருஷன் இளவழகன். மோட்டாரையும் அவனே பார்த்து வாங்கினான். முதலில் லாரி வைப்பர் மோட்டார். அந்த அம்மா சொன்ன மாவு மில் அதுதான். அடுத்து பொம்மை கார் மோட்டார். அது காதுக்குள் புகுந்த கொசு மாதிரி கீச்சிட்டது.

"சத்தமே இல்லியே ஜெயா" என்றான், இரண்டு தடவையும்.

"உனக்கு எப்பிடிய்யா கேக்கும்? மல்லாட்டை உடைக்கிற மில்லுலயே பொழுதன்னைக்கும் நிக்கிற. பக்கத்துல இடி உழுந்தாலும் நைசா இருக்குதுன்னுவ."

மூன்றாவது மோட்டாரை வாங்க அவளே கிளம்பினாள். கூட்ரோட்டில் ரங்கநாதனின் ரிப்பேர் கடை. வெளியே பஸ்கள் ஹாரன் அடித்த அடியில் எல்லா மோட்டாரும் ஊமையாகத்தான் இருந்தன. பின்னாலிருந்த சாமான் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் கேட்டாள்.

"ஏம்மா, மோட்டார் வாங்க வந்தியா, சாமி கும்பிட வந்தியா?" என்றார் ரங்கநாதன்.

மைக்ரோவேவ் அடுப்புக்குள் தட்டைச் சுற்றுமே, அந்தச் சின்ன மோட்டார் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. "எந்தப் பக்கம் சுத்தும்னு மட்டும் சொல்ல முடியாது. அது இஷ்டம்" என்றார். பரவாயில்லை என்று வாங்கி வந்தாள்.

பெட்டியில் பொருத்தியதும் 'ம்ம்ம்ம்' என்றது.

ஜெயஸ்ரீக்கு அழுகை வந்துவிட்டது. பிரம்மி கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆத்திரத்தில் திருகாணிகளைக் கழற்றி, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை ஒயரோடு வெளியே தூக்கினாள். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் மோட்டார் கையில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பெட்டிமேல் வைத்தாள். 'ம்ம்ம்ம்.' தூக்கினாள். அமைதி.

"மோட்டார் இல்லய்யா, உன் பொட்டிதான் கத்துது!"

"நான் அடிச்ச பொட்டியா?" என்று ரோஷப்பட்ட இளவழகன், அடுத்த நிமிஷம் பதறினான். "ஏய், அது என் செருப்பு!"

ரப்பர் செருப்பின் குதிகாலை இரண்டு துண்டாக அரிந்து, மோட்டாருக்கும் பலகைக்கும் நடுவே மெத்தையாகக் கொடுத்து இறுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். தட்டு இடப்பக்கமாகக் கிளம்பியது. காதைக் கிட்டே கொண்டு போனாள். ஒன்றுமே இல்லை.

போன் அடித்தது. இளவழகன் வாசலுக்கு ஓடிவிட்டான்.

வளையல்கள் மெல்லச் சுழல, பிரம்மி பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெயஸ்ரீயும் பயத்தில் வாய் திறக்கவில்லை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? ஒரு சத்தமும் கேக்கலியே, கட் ஆயிடுச்சா?"

"இருக்கேம்மா, இருக்கேன்!"

"அந்த மயில்கழுத்துக் கலர் நல்லா இருக்குதுக்கா. எல்லாருக்கும் அதையே போட்டுடுங்க. அளவு அனுப்பிடறேன்."

போனை வைத்ததும் ஜெயஸ்ரீ மோட்டாரை நிறுத்தினாள். இளவழகன் தலையை நீட்டினான்.

"இன்னா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?"

"திண்டிவனம் கடைக்காரர் நம்பர எடுய்யா. வரலன்னு சொல்லணும்."