ஒன்றை அழுத்தினால் காற்று

2010-இல் திண்டிவனத்தில் ஒரு கடை மாடியில் நானும் அருள்ராணியும் இணையப் பக்கங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தோம். நகைக்கடை, கல்யாண மண்டபம் என்று வந்த வேலையெல்லாம் கணினித் திரைக்கானவை. மரக்காணம் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்று, காற்றும் அலையும் எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு பக்கம் கேட்டது. அதை நான்தான் செய்தேன். மேலே நீல அலை அசையும். அதில் ஒரு படகு மிதந்து போகும். முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

அதைக் காட்டக் குப்பத்துக்குப் போனோம். சங்கத் தலைவர் சிங்காரம் தன் பட்டன் போனில் முகவரியைத் தட்டினார். அவர் மனைவி சின்னபொண்ணு எட்டிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து அலையின் ஒரு மூலை வந்தது. அதற்குக் கீழே தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி," என்றார் சிங்காரம். "காத்து எங்க இருக்குது?"

"வேற போன் வாங்கினா சரியா வரும்ணே," என்றேன்.

அருள்ராணி என் பக்கம் திரும்பவேயில்லை. "அண்ணே, ரெண்டு மூணு நாளு காலைல நான் வரட்டுங்களா? நீங்க போனை எப்படிப் பாக்கறீங்கன்னு சும்மா பக்கத்துல நின்னு பாக்கறேன்," என்றாள்.

மூன்று நாளும் முதல் பஸ்ஸில் போனாள். திரும்பி வந்து, பார்த்ததையெல்லாம் சொன்னாள். சிங்காரம் ஒரு கையில் வலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கைக் கட்டைவிரலால் மட்டும்தான் போனை அழுத்துகிறார். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் திரையில், வெயில் ஏறியதும் நீல நிறம் தெரிவதேயில்லை. சிக்னல் கிடைப்பது மணல்மேட்டில் மட்டும். பெரும்பாலும் மேட்டில் ஏறிப் பார்த்துச் சொல்வது சின்னபொண்ணுதான்.

அலையையும் படகையும் அவள் தூக்கிவிட்டாள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஒன்றை அழுத்தினால் காற்று, இரண்டை அழுத்தினால் அலை, மூன்றை அழுத்தினால் மழை. அந்தப் போன்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால், தேவையான பத்துப் பதினைந்து சொற்களை மட்டும் பொடிப் பொடிப் படங்களாக வரைந்தாள். குறைந்த சிக்னலிலும் சட்டென்று இறங்கும்படி ஒவ்வொரு படத்தையும் இளைக்க வைக்க அவள் பட்ட பாட்டைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். என் அலை ஒன்றின் எடையில் அவளுடைய பக்கம் ஐம்பதை அடைத்துவிடலாம். தினமும் விடிந்ததும் அரசு வானிலை அறிக்கையைப் பார்த்து, காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது போன்ற எண்களை ஏற்றுவாள்.

மணல்மேட்டில் நின்று சின்னபொண்ணு ஒன்றை அழுத்தினார். மூச்சு விடும் நேரத்தில் பக்கம் வந்தது.

"காத்து, இருவது!" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். படகருகே நின்றவர்கள் சிரித்தார்கள். அருள்ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை சின்னபொண்ணு அருள்ராணிக்குப் போன் செய்தார்.

"இன்னா பாப்பா, காத்து பதினெட்டுன்னு காட்டுது. வானம் அப்படி இல்லியே. எனக்கு மனசு ஒப்பல, யாரும் போவக் கூடாதுன்னு நிறுத்திக்கினு இருக்கேன்."

அருள்ராணி அன்று ஏற்றிய எண் ஐம்பது. "அக்கா, அது நேத்து பக்கம். பேச சிக்னல் கிடைச்சாலும் நெட் கிடைக்காததால போன் பழசையே எடுத்துக் காட்டுது. யாரையும் அனுப்பாதீங்க! தப்பு என்னுதுக்கா. தேதியே போடாம விட்டுட்டேன்."

"தப்பு கிடக்கட்டும். எந்த நாளு, எத்தினி மணிக்கு எழுதினதுன்னு தலையிலயே போட்டுடு. பழசுன்னா நான் பாத்துக்கறேன்."

அரை மணி நேரத்தில் பக்கத்தின் முதல் வரியில் தேதியும் நேரமும் ஏறின. போன் பழைய பக்கத்தைத் தேக்கி வைக்காதபடியும் மாற்றினாள். பிறகு சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து, நேற்று வரை இருந்த குறையைச் சொன்னாள். இந்த ஒன்றை நான் செய்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை; குறையை ஓசையில்லாமல் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். பத்து மணிக்கெல்லாம் காற்று கிளம்பியது. படகுகள் எல்லாம் கரையில் இருந்தன.

அடுத்த வாரம் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். தங்களுக்கும் அப்படியொரு பக்கம் வேண்டும் என்றார்கள். யார் செய்வது என்று அருள்ராணி என்னைப் பார்த்தாள்.

"நான் செய்றேன்," என்றேன். "ஆனா நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுல போய், அவங்க போனை எப்படிப் புடிக்கறாங்கன்னு மொதல்ல பாத்துட்டு வர்றேன்."