மழித்த பூனை

என் மாமியாருக்குக் கோபம் வந்தால் ஊரே கேட்கும். பயம் வந்தால்தான் வாயை மூடிக்கொள்வார். அன்று காலையிலிருந்து அவர் மூச்சே விடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் கணவர் பூட்டுக்காரர். அவர் பூட்டு மாட்டிக் கொடுத்த கடிகாரக் கடையில், பூட்டை உடைக்காமலே யாரோ திருடிவிட்டார்கள். திருடன் விட்டுப்போன கையுறை முழுக்க வெள்ளைப் பூனைமுடி. எங்கள் வீட்டிலும் 'சோம்பேறி' என்று ஒரு வெள்ளைப் பூனை. போதாதா? போலீஸ் இவரை உள்ளே வைத்துவிட்டது.

முடி எந்தப் பூனையுடையது என்று பார்க்க அன்று ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கட்டிலடியில் ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தால் சோம்பேறி! என் கணவரின் சவர மெஷினால் தலை முதல் வால்வரை மழித்திருந்தது. உரித்த உருளைக்கிழங்கு மாதிரி முழித்தது.

"முடி இருந்தாத்தானே எடுத்துட்டுப் போவீங்க?" என்றார் மாமியார்.

"எச்சில் போதும்மா" என்று அந்தப் பெண் பஞ்சுக்குச்சியை எடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தை, நாமளே அவரை மாட்டிவிட்டுடுவோம் போலிருக்கே!"

"பதறாதீங்க. உதிர்ந்த முடியில தாய்வழி மரபணுதான் கிடைக்கும். ஒத்துப்போனாலும் இதே பூனைதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஒத்துப்போகலைன்னா, இது இல்லவே இல்லைன்னு சொல்லிடலாம்" என்றார் அந்தப் பெண்.

முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். கையுறையில் இருந்தது வேறு பூனையின் முடி. அவர்களிடம் இருந்த சாட்சியம் அது ஒன்றுதான். "வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்பாடா!

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் பூனையைத்தான் பார்த்தார்.

"யாரு பண்ணினது?"

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான்டா."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ நான்தான் திருடினேன்னு நெனச்சியா?"

"பூட்டை உடைக்காம வேற யாருடா திறப்பா? பயந்துட்டேன்."

பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "நான் திருடியிருந்தாலும் காப்பாத்தியிருப்பியாம்மா?"

"காப்பாத்திக் கூட்டிட்டு வந்து, ரெண்டு கையையும் ஒடிச்சிருப்பேன்."