எரிய வேண்டிய குடிசை

நல்லாடிமங்கலம் பள்ளிக்கூடத் திடலில் மூன்று நாளாக ஒரு குடிசை எழும்பிக்கொண்டிருந்தது. குடியிருப்பதற்கு இல்லை, கொளுத்துவதற்கு. சித்திரை பிறந்ததும் தீத்தொண்டு வாரம் வந்துவிடும். அந்த வாரத்தில் ஒரு குடிசையைக் கொளுத்தி, தலைமை விருந்தினர் பார்க்கப் பார்க்க அணைத்துக் காட்டினால்தான் தீயணைப்பு நிலையத்துக்கு மரியாதை. மூங்கில் கால், தென்னங்கீற்றுக் கூரை, நாலு பக்கமும் சுவருக்குப் பதிலாக நெருக்கி அடுக்கிய வைக்கோல் கட்டுகள். வாசலில் 'மாதிரிக் குடிசை' என்று பெயர்ப் பலகை. உள்ளே, காப்பாற்றப்படுவதற்கென்றே சேலை கட்டி உட்கார வைத்த ஒரு துணிப் பொம்மை. ஊரில் பலருக்கு இந்த அளவுக்கு வீடு கிடையாது.

திடல் வேலிக்கு அந்தப் பக்கம் அமலோற்பவத்தின் கொல்லை. கொல்லையில் மூன்று பசுக்களும் ஒரு வைக்கோல் போரும் இருந்தன. குத்தகை நிலத்துச் சம்பா வைக்கோலை மாசி முழுக்கக் காயவைத்து, அவளே மேலேறி மிதித்துப் போட்ட போர். அடுத்த தை வரைக்கும் மூன்று வாய்க்கும் அதுதான். குவைத்தில் இருக்கும் மகன் ஜெரால்ட், மாட்டை விற்றுவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். சும்மா இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாததால் மாடுகள் இருந்தன.

குடிசைக்குக் கால் நட்ட அன்றைக்கே அவள் வேலியோரம் நின்று கேட்டாள்.

"சார், இங்க நெருப்பு வச்சா பொறி எங்க கொல்லைக்குத்தான பறந்து வரும்?"

நிலைய அலுவலர் அறிவுமதி அவளிடம் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். வைக்கோல் போரைக் குடியிருப்புக்கு அருகில் வைக்க வேண்டாம் என்று அதில் ஐந்தாவது வரி சொன்னது.

"பொறியெல்லாம் வராதும்மா. அப்படியே வந்தாலும், நாங்க எதுக்கு இருக்கோம்?"

அறிவுமதி எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்கிறவர் இல்லை. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை, ஒத்திகைக்கு ஓர் ஒத்திகை நடந்தது. நெருப்பு வைத்தால் குடிசை போய்விடும் என்பதால் நெருப்பு வைக்காமலே அணைத்தார்கள். விசில், ஓட்டம், குழாய், தண்ணீர். நேரம் கூடிவிட்டது என்று இரண்டாம் தடவை. நிகழ்ச்சி அன்று காலை எட்டு மணிக்கு, கை பழகட்டும் என்று மூன்றாம் தடவை. வைக்கோலிலிருந்து தண்ணீர் ஒழுகி வாசலில் குட்டையாக நின்றது. காக்கை ஒன்று வந்து குளித்துவிட்டுப் போனது. வண்டி ஓட்டுநர் சதீஷ் மட்டும் சுவரைக் கையால் அழுத்திப் பார்த்தான். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது அதற்குள் பிடிபட்டுவிடும்.

தலைமை விருந்தினர் இலாகாவின் மேலதிகாரி. பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஆகவே பத்தரை வரைக்கும் யாரும் கவலைப்படவில்லை. பத்தேமுக்காலுக்கு நன்னிலம் சாலையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் திரும்பியதும் ஊராட்சிக்காரர்கள் சரவெடியைப் பற்றவைத்தார்கள். தீயைத் தடுக்கச் சொல்ல வருகிறவரை வெடி போட்டு வரவேற்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. வரவேற்பு என்றால் வெடி. கார் நிற்காமல் போனது. அதில் இருந்தது கல்யாணப் பத்திரிகை வைக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம். தங்களுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று புரியாமல் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

எரிந்துகொண்டிருந்த ஒரு காகிதத் துண்டு மட்டும் காற்றில் ஏறி, வேலியைத் தாண்டி, போரின் மேற்கு ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

அமலோற்பவம் புகையைப் பார்த்தபோது கழனித்தண்ணீர் வாளி கையில் இருந்தது. அதை அப்படியே போர்மேல் வீசினாள். பிறகு மாடுகளை அவிழ்த்து வாய்க்கால் கரைக்கு விரட்டிவிட்டு, வேலிச் சந்து வழியாகத் திடலுக்கு ஓடினாள்.

திடலில் தீயணைப்பு வண்டி நின்றது. தொட்டி நிறையத் தண்ணீர். குழாய் விரித்துக் கிடந்தது. சீருடையில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். இவ்வளவு தயாராக நிற்கும் தீயணைப்புப் படையை, வீடு எரிகிற யாரும் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.

"சார், போர் பத்திக்கிச்சு."

"பாத்தேம்மா. போன் பண்ணிட்டீங்களா?"

"போன் எதுக்கு? நீங்கதான் இங்கயே இருக்கீங்களே."

"நாங்க இப்ப நிகழ்ச்சியில இருக்கோம். தகவல் முறையா வரணும்மா. அவசர எண்ணுக்கு அடிங்க."

அடித்தாள். எங்கோ ஒரு நகரத்திலிருந்து ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு விசாரித்தது. பெயர், மாவட்டம், வட்டம், ஊர். பக்கத்தில் அடையாளம் ஏதாவது இருக்கிறதா?

"இருக்கும்மா. பயர் வண்டி இருக்கு. அதுக்குப் பக்கத்துலதான் எரியுது."

"வண்டி வந்திடுச்சுங்களா? அப்ப இந்த அழைப்ப முடிச்சிடலாங்களா?"

"வரல. நிக்கிது."

கொஞ்ச நேரத்தில் நிலையத்துக்குத் தகவல் போனது. அங்கே காவலுக்கு இருந்தவர் அறிவுமதியின் கைபேசிக்கு அடித்தார். அமலோற்பவத்துக்கு எதிரிலேயே விறைப்பாக நின்றுகொண்டு அறிவுமதி பேசினார்.

"எந்த இடம்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியா? வீட்டுக்காரங்க பேரு? அமலோற்பவம். சரி, குறிச்சுக்கிறேன்."

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவளிடம் சொன்னார்: "தகவல் வந்திடுச்சும்மா."

சதீஷுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"சார், குழாயத் திருப்புனாப் போதும். நாப்பது அடிதான்."

"திருப்பிட்டு? தொட்டி காலியாயிடும். குளத்துக்குப் போயி ரொப்பிட்டு வர்றதுக்குள்ள ஐயா வந்துட்டா, வெறும் வண்டியக் காட்டச் சொல்றியா? பக்கத்து நிலையத்து வண்டிய வரச் சொல்லியிருக்கேன்."

பக்கத்து நிலையம் பதினெட்டு கிலோமீட்டரில் இருந்தது. நடுவில் ஒரு ரயில்வே கேட்.

அதற்குள் அடுத்த கொல்லை வீரையன் தன் வயல் மோட்டாரைப் போட்டுவிட்டிருந்தார். வாய்க்கால் முனையிலிருந்து போர் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றினார்கள். நாலு பேர் துரட்டியைப் போட்டுப் போரின் கிழக்குப் பக்கத்தை இழுத்துத் தள்ளினார்கள். இரண்டு தீயணைப்பு வீரர்கள் வந்து, விதிப்படி ஒரு கயிறு கட்டினார்கள்.

"பொதுமக்கள் கயித்துக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

"கயித்துக்கு அந்தப் பக்கம்தானே சார் எரியுது" என்றார் வீரையன்.

பதினொன்று இருபதுக்கு விருந்தினர் வந்தார். சரவெடி தீர்ந்து போயிருந்ததால் கைதட்டினார்கள். பொன்னாடை, மாலை, பூச்செண்டு எல்லாம் முடிந்து, பந்தம் ஏற்றி அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைக் குடிசையின் கூரையில் வைத்தார். கீற்று சீறியது, புகைந்தது, அணைந்தது. இரண்டாவது பந்தம் சுவரில் வைக்கப்பட்டது. அது இன்னும் சீக்கிரம் அணைந்தது. யாரோ ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள். மண்ணெண்ணெய் எரிந்தது. எரிந்து முடிந்ததும் குடிசை அப்படியே இருந்தது. அறிவுமதியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய பணிக்காலத்தில் எந்தக் குடிசையும் இவ்வளவு எதிர்ப்புக் காட்டியதில்லை.

விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேலிக்கு மேலே, பனைமர உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்த புகையைப் பார்த்தார்.

"அறிவுமதி, ஒத்திகை நெருப்பு அதுதானா?"

அறிவுமதி நனைந்த குடிசையைப் பார்த்தார், புகையைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா. அதுதான்."

"நெஜமாட்டமே இருக்கே."

"கொஞ்சம் முயற்சி எடுத்துப் பண்ணோங்கய்யா."

கயிற்றோரம் நின்ற அமலோற்பவத்துக்கு இது காதில் விழுந்தது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். ஒத்திகை என்றால்தான் தண்ணீர் வரும் என்பது அந்தக் கணத்தில் புரிந்ததால் மூடிக்கொண்டாள்.

ஆனால் தண்ணீருக்கு முன்னால் பேச்சு இருந்தது. தீப்பிடித்தால் முதல் ஐந்து நிமிஷம்தான் பொன்னான நேரம் என்று விருந்தினர் ஒலிபெருக்கியில் பன்னிரண்டு நிமிஷம் விளக்கினார். அதற்குப் பிறகு பச்சைக் கொடி அசைந்தது.

அதன்பின் நடந்ததைக் குறை சொல்ல முடியாது. விசில் ஒலித்தது, குழாய் திரும்பியது, நாலே நிமிஷத்தில் நெருப்பு அடங்கிவிட்டது. வேலை தெரிந்தவர்கள்தான். தெரியாதவர்களாக இருந்திருந்தால் அமலோற்பவத்துக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அறிவிப்பாளர், "இதோ, பாதிக்கப்பட்ட பெண்மணி" என்றதும் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள்.

"ரெண்டு நிமிஷம் படுத்துக்கம்மா. போட்டோவுக்குத்தான்."

"எனக்கு என்ன கேடு? மாடு எங்க போச்சுன்னு பாக்கணும்."

அவர்கள் தயங்கி நின்றதைப் பார்த்து வீரையன் படுத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் குடம் தூக்கியதில் அவருக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. அவரை நிழலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் அன்றைக்கு நடந்த ஒரே மீட்பு.

விருந்தினர் போனார். பக்கத்து நிலையத்து வண்டி வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பியது. போரில் துரட்டிக்காரர்கள் இழுத்துப் போட்ட கால் பங்கு மிஞ்சியது. மற்றது கரி. கரியாகாதது கரித்தண்ணீரில் ஊறிக் கூழாகக் கிடந்தது. மாடுகள் திரும்பி வந்து அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மூன்று மணிக்கு அமலோற்பவம் நிலையத்துக்குப் போனாள். தீ விபத்து நடந்தது என்று நிலையத்தில் எழுதிக் கொடுத்தால்தான் தீவன நிவாரணம் கேட்டு மேலிடத்துக்கு எழுதிப்போட முடியும் என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்லியிருந்தார்.

அறிவுமதி நாற்காலியைக் காட்டினார். உள்ளபடியே அவருக்குச் சங்கடமாக இருந்தது. பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்களே பாருங்கம்மா. இன்னிக்குத் தேதியில விபத்தே இல்ல. ஒத்திகைன்னுதான் இருக்கு."

"நான் போன் பண்ணேனே சார். நீங்ககூட என் எதிர்லயே குறிச்சுக்கிறேன்னு சொன்னீங்க."

"குறிச்சிருக்கேன். ஒத்திகைத் தகவல்னு. விபத்துன்னு எழுதுனா, தகவல் வந்தது எத்தன மணி, தண்ணி விட்டது எத்தன மணின்னு எழுதணும். நடுவுல அம்பது நிமிஷம் வண்டி எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. நாப்பது அடியில இருந்துச்சுன்னு நான் எழுத முடியுமா, சொல்லுங்க."

அமலோற்பவம் பதிவேட்டைப் படித்தாள். நல்ல கையெழுத்து. தலைமை விருந்தினரின் வருகை பத்து மணி. மாதிரிக் குடிசைக்குத் தீ வைத்தது பத்து ஐந்து. அணைத்தது பத்து ஒன்பது. மாதிரிக் குடிசை முழுவதும் எரிந்து சாம்பல். ஒரு பெண் உயிருடன் மீட்பு.

"இது எப்ப எழுதுனது சார்?"

"நேத்தே எழுதி வச்சிடுவோம். நிகழ்ச்சி அன்னிக்கு நேரம் இருக்காது."

"குடிசை சாம்பலாப் போச்சுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப அது இல்ல."

"கணக்குப்படி இல்ல."

"இல்லாதத யாரும் வந்து கேக்கமாட்டாங்கல்ல சார்?"

அறிவுமதி பதில் சொல்வதற்கு முன்பு பதிவேட்டை ஒரு தடவை பார்த்தார். அதில் அவருடைய கையெழுத்து இருந்தது. மேலதிகாரியின் கையெழுத்தும் இருந்தது.

"யாரு கேப்பாங்க" என்றார், மெதுவாக.

அவள் எழுந்து வீட்டுக்குப் போகாமல் நேரே திடலுக்குப் போனாள். வீரையன் ஸ்ட்ரெச்சரில் ஓய்வெடுத்த தெம்பில் கடப்பாரையோடு வந்தார். முதலில் கூரையைப் பிரித்தார்கள். கீற்று மாட்டுக்கொட்டகைக்கு ஆகும். பிறகு சுவரை ஒவ்வொரு கட்டாக உருவினார்கள். தண்ணீர் ஏறிய கட்டு ஒவ்வொன்றையும் இரண்டு பேராகத்தான் நகர்த்த முடிந்தது. சீருடையைக் கழற்றிவிட்டுக் கைலியில் வந்த சதீஷ், யாரும் கூப்பிடாமலே மறுமுனையைப் பிடித்தான்.

"சுத்தமான வைக்கலுக்கா. மூணு நாள் பிரிச்சுப் போட்டு வெயில்ல காட்டுங்க, சரியாப் போயிடும்."

"நனஞ்சிருக்குன்னு உனக்குக் காலையிலயே தெரியுமாப்பா?"

"தெரியும்க்கா."

"சொல்லாம இருந்தியே, அதுவரைக்கும் நல்லது. சொல்லியிருந்தா இதையும் காயவச்சுக் கொளுத்தியிருப்பாங்க."

வெயில் தாழ்ந்தபோது திடலில் நாலு குழிகளும் பெயர்ப் பலகையும் மட்டும் மிஞ்சின. அறிவுமதி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் விரிந்து கிடந்த வைக்கோலை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகக் கொஞ்சம் சிரமப்பட்டுத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"அம்மா, அந்தப் பொம்மைய மட்டும் குடுத்துடுங்க. மீட்டாச்சுன்னு எழுதியிருக்கேன். நிலையத்துல இருக்கணும்."

அமலோற்பவம் பொம்மையைக் கொண்டுவந்து பின்சீட்டில் உட்கார வைத்தாள். நேற்று மாலையிலிருந்து குடித்த தண்ணீரில் அது அவளைவிடக் கனத்தது. சாயாமலிருக்க அறிவுமதி ஒரு கையால் அதைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். சேலை முந்தானையிலிருந்து சொட்டிய தண்ணீர் சாலை நெடுக ஒரு கோடாகப் போனது.

"எது வரைக்கும் வரும் இது?" என்று வீரையன் வைக்கோலைக் காட்டிக் கேட்டார்.

"மிச்சம் இருக்கிற நம்ம வைக்கலும் சேர்ந்தா ஐப்பசி வரைக்கும் ஓட்டலாம்ணே."

"அப்புறம் தை வரைக்கும்?"

அவள் ஒரு பிடியை உதறி முகர்ந்து பார்த்தாள். கொஞ்சம் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அந்தப் பிடியைத் தனியாக எறிந்துவிட்டு, அடுத்ததை எடுத்து உதறினாள்.

"மழைக்கு முன்னாடி வெள்ள ஒத்திகைன்னு ஒண்ணு வைப்பாங்கல்ல" என்றாள். "அதுக்கு என்ன கட்டுறாங்கன்னு பாப்போம்."