மூன்று தீவுக் கூத்து

உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் கூத்துப் போடுவதென்று முடிவானபோது கத்தரீனாவுக்குச் சொல்ல முடியாத சந்தோசம். கூத்துக்காக அல்ல. மேற்கு ராசாவாக ஆடப்போகிறவர் அவளுடைய புருசன் சூசைதாசன், மன்னாரில் பேசாலைக்காரர். கிழக்கு ராசாவாக ஆட விபோர்க்கிலிருந்து வருகிறவர் கிறிஸ்துநாயகம், யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். அந்தக் கிறிஸ்துநாயகத்தின் தம்பி லோரன்ஸுக்குத்தான் மகள் பற்றிமாவைப் பேசி முடித்திருந்தது. கூத்து முடிந்து வருகிற சனிக்கிழமை கலியாணம். அதற்கு முன்னம் இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் ஒன்றாய்ப் பாடி ஆடிப் பழகினால் நல்லதுதானே என்று அவள் நினைத்தாள்.

கூத்தின் கதை சின்னது. இரண்டு கரை, இரண்டு ராசா, நடுக்கடலில் மூன்று தீவு. அது என்னுடையது என்கிறான் ஒருவன். இல்லை என்னுடையது என்கிறான் மற்றவன். அவ்வளவுதான். அதைப் பாடி முடிக்க ஊரில் விடிந்துவிடும். இங்கே டெனிஷ் சனங்களும் பார்க்க வருவார்கள் என்று இரண்டு மணித்தியாலமாகச் சுருக்கினார்கள். கூத்து ஏடு ஒருவரிடமும் இல்லை. தகப்பன்மார் பாடக் கேட்ட ஞாபகம்தான்.

தவக்காலம் முழுக்க ஞாயிறு பூசை முடிய, கோயில் நிலக்கீழ் அறையில் பழகினார்கள். பிளாஸ்டிக் வாளிதான் மத்தளம். கடைசிக் கட்டத்தை மட்டும் பழகவில்லை. வெள்ளை உடுத்து ஆடும் கடைசி ஒத்திகைக்கு முன்னம் முடிவைப் பாடினால் கூத்து மேடை ஏறாது என்று இரண்டு பேருடைய தகப்பன்மாரும் சொல்லி வைத்திருந்தார்கள். அதில் மட்டும் இரண்டு ஊரும் ஒற்றுமை.

குருத்தோலை ஞாயிறன்று வெள்ளை உடுத்துக்கொண்டு முதல்தரம் கடைசிவரை ஆடிப் பார்த்தார்கள். மட்டை வாள்கள் மோதின. வாளி அதிர்ந்தது. பிறகு, தோற்றவர் விழவேண்டிய இடத்தில், இரண்டு ராசாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விழும் தம்பி," என்றார் சூசைதாசன்.

"நான் ஏன் அண்ணை விழுறன்? நீங்களெல்லோ விழவேணும்."

"மேற்கு ராசா விழுறதோ? எங்கடை ஐயா கிழவனாகிற வரைக்கும் அந்த முடியோடை ஆடினவர். ஒருநாளும் விழேல்லை."

"எங்கடை அப்பு கிழக்கு ராசா. அவரும் விழேல்லை. தீவு கிழக்குக்கெண்டுதான் எங்கடை பாட்டு."

"அப்ப பாசையூரிலை பாட்டை மாத்திப்போட்டாங்கள்."

"மாத்தினது நீங்கள். மீனுக்குப் போடுற உப்பைக் கொண்டுபோய்ப் பாட்டுக்கும் போட்டிட்டியள்."

மேற்கு ராசாவின் மகளாக, ராசகுமாரி வேடம் கட்டும் நவரத்தினம் மூலையில் மீசையைத் தடவிக்கொண்டு இருந்தான். "ரெண்டு பேரும் சேர்ந்து விழுங்கோவன். எனக்கு பஸ் போயிடும்," என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

கிறிஸ்துநாயகம் தோளில் கிடந்த சால்வையை மடித்தார். "ஒரு பாட்டிலையே விட்டுக்குடுக்காத ஆக்களோடை சம்பந்தம் செய்து என்னத்தைக் காணப்போறம்? முதல் கூத்து முடியட்டும். பிறகு பாப்பம்."

எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த கத்தரீனா, அந்தப் 'பாப்பம்' கேட்டுப் போத்தலைக் கீழே வைத்தாள். பற்றிமாவின் கலியாணச் சட்டை தைத்து அலுமாரியில் தொங்கியது. வீட்டுக்கு வந்ததும் புருசனைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா விழுந்தால் தேஞ்சா போவியள்?"

"தீவை விட்டுக்குடுத்திட்டு ஐயாவின்ரை முகத்திலை எப்பிடியடி முழிக்கிறது?"

"மாமா செத்து எவ்வளவு காலம்!"

"அதுதான் சொல்லுறன். அங்கை போய் முழிக்கவேணுமெல்லோ."

கிறிஸ்துநாயகத்தின் மனிசி எமிலியாவுக்கு ரெலிபோன் எடுத்தாள். "என்னக்கா செய்ய? இவர் நித்திரையிலும் கிழக்கு கிழக்கெண்டுதான் புலம்புறார்," என்றாள் எமிலியா. 1986ஆம் ஆண்டு அது. பேசாலையிலும் சரி பாசையூரிலும் சரி, வள்ளத்தைக் கடலில் இறக்கவே சனம் நேவிக்குப் பயந்து கிடந்த காலம்.

கூத்து நாள் வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். மண்டபத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பை வைத்திருந்த இங்கா என்ற டெனிஷ் மனிசி முன்வரிசையில் இருந்தாள். சூசைதாசனும் கிறிஸ்துநாயகமும் வெள்ளித்தாள் முடியோடு நன்றாகத்தான் பாடினார்கள். போர் தொடங்கியது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்றில் டெனிஷ்காரர் தாளத்துக்குக் கை தட்டத் தொடங்கினார்கள். நாலாம் சுற்றில் வாளி அடித்தவனுக்குக் கை வலித்தது. ஒரு ராசாவும் விழவில்லை. போர் முடியாமல் மங்களம் பாட முடியாது. மங்களம் பாடாத கூத்து அபசகுனம். அதற்குப் பிறகு வருகிற சனிக்கிழமையில் என்ன கலியாணம்!

மேடைக்குப் பக்கத்துக் குசினியில் கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தரீனா கதவால் எட்டிப் பார்த்தாள். கிழக்கு ராசாவின் தம்பியான இளைய ராசா வேடத்தில் லோரன்ஸ் ஓரமாய் நின்றான். அவன் பார்வை வாளில் இல்லை. முன்வரிசையில் பற்றிமா குனிந்தபடி இருந்தாள். இங்கா கதவடிக்கு வந்து, "ஃபேர்டி?" என்று கேட்டாள், முடிந்ததா என்று.

"இன்னும் கொஞ்சம்," என்று கையால் காட்டிய கத்தரீனா, கிறீமைத் துடைத்துவிட்டு, கதவருகே நின்ற நவரத்தினத்தின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"திரும்பப் போ."

"நான் அழுது முடிச்சிட்டனக்கா."

"இன்னொருக்கா அழு. நான் பாடுறன். நீ கையைக் காட்டு."

கூத்தில் ஆடுகிறவருக்காக வேறொருவர் பக்கத்தில் நின்று பாடுவது வழக்கம்தானே. குரல் குசினியிலிருந்து வந்தது யாருக்கும் புதினமாய்ப் படவில்லை.

"போரை நிறுத்தும் ஐயா - இரு கரைப்
பூபதிமாரே கேளும்!
இளைய ராசனை நான் - மணம் செய்ய
இசைந்தேன் இசைந்தேன் ஐயா!
சீதனமாய்த் தாரும் - அந்தத் தீவு
மூன்றும் எனக்கே ஐயா!"

வாள்கள் நடு ஆகாயத்தில் நின்றன. சூசைதாசன் யோசித்தார்: கொடுப்பதென்றால் அது என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். சரிதான். "தந்தேன் மகளே," என்று உச்சத்தில் எடுத்தார். கிறிஸ்துநாயகத்துக்கும் அதே கணக்கு ஓடியது. "நானும் தந்தேன்," என்று அதற்கு மேலே ஒரு சுருதி ஏறினார். மீசைக்கார ராசகுமாரி இரண்டு பக்கமும் கும்பிட்டு, லோரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். கைதட்டலில் மண்டபம் இடிந்தது. வாளிக்காரன் தாமதிக்காமல் மங்களத்துக்குத் தட்டினான்.

கோப்பியோடு வந்த கிறிஸ்துநாயகத்தின் முகத்தில் வியர்வையோடு சிரிப்பும் இருந்தது. "என்னக்கா, சீதனம் வேண்டாமெண்டுதானே நாங்கள் சொன்னனாங்கள்?"

"தந்தது தந்ததுதான் தம்பி. ஆனால் சீதனம் பெட்டையின்ரை பேரிலைதான். நீங்களும் கை வைக்கேலாது, இவரும் கை வைக்கேலாது. அப்ப சனிக்கிழமை?"

"ஏனக்கா கேக்கிறியள்? பத்து மணிப் பூசைதானே?"

சனிக்கிழமை பூசை முடிந்து விருந்திலும், தீவைக் கொடுத்தது யார் என்று இரண்டு சம்பந்திகளும் ஒரே மேசையில் இருந்து வாதாடினார்கள். பற்றிமா தாயின் பக்கம் சரிந்தாள்.

"அம்மா, அந்தத் தீவிலை என்னதான் கிடக்கு?"

கத்தரீனா பாட்டை முதல் அடியிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை.

"முதல்ல ஒரு நல்ல தண்ணிக் கிணறு வெட்டுங்கோ," என்றாள்.