கௌரிசங்கர் பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னை இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேரும் கேட்டது வேறு வேறு கதை.

முதலில் கேட்டவர் பாலமுரளி. இங்கே வளைகுடாவில், அல் குசைஸில் எங்கள் கட்டிடத்து ஆட்கள் சிலர் சனிக்கிழமைகளில் மலையேறப் போவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர். இரண்டாவதாகக் கேட்டவள் நளினி, என் எதிர் ஃப்ளாட். பாலமுரளியோடு ராஸ் அல் கைமா மலைக்குப் போய் உயிரோடு திரும்பாத கௌரிசங்கரின் மனைவி.

நான் வேலை பார்ப்பது ஒரு சரக்குக் கம்பெனியில். தமிழ்ச் சங்க மலரில் என் கதைகள் வந்திருக்கின்றன. அதனால் கட்டிடத்தில் யாருக்கு எதை எழுத வேண்டுமானாலும் என் பெல்லைத்தான் அடிப்பார்கள், பிள்ளைகளின் லீவு லெட்டர் உட்பட. மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. லிஃப்ட் ரிப்பேர் என்றால் ஆபீசுக்கு லீவு சொல்கிற பெண் நான்.

2

முதல் தொடக்கம்:

‘ஜூலையில் ஆல்ப்ஸில் நடப்பதற்காக வாங்கிய புது ஷூவைக் காலுக்குப் பழக்க, ஏப்ரலில் ராஸ் அல் கைமாவுக்குப் போனான் கௌரிசங்கர்.’

உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் ஷூவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவீர்கள். அடித்துவிட்டேன்.

(கதையில்தான் ‘அவன்’. எதிரில் பார்த்தால் “வாங்க கௌரி” என்பேன்.)

இரண்டாவது தொடக்கம்:

‘சுவிட்சர்லாந்துப் பயணத்துக்குக் கௌரிசங்கர் போட்ட திட்டத்தில் எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு இருந்தது. மழை பெய்தால் எந்த வழி, மகள் ஹர்ஷினிக்குக் கால் வலித்தால் எந்த ரயில், நளினிக்குச் சோறில்லாமல் முடியாது என்பதால் எந்த விடுதியில் அடுப்பு’

இதற்கு மேல் ஓடவில்லை. வளைகுடாவில் இருக்கிறவர்களுக்குத் திட்டம் போடுவது பாதி வாழ்க்கை. லீவு கிடைக்குமா, விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்குமா, அதுவரை வேலை இருக்குமா என்று வருஷம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். கௌரி அதில் கெட்டிக்காரன். ஆறு மாதமாக லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஆல்ப்ஸ்தான். எனக்குச் சலிப்பாகக்கூட இருந்தது.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதில் என் கைச்சரக்கு ஒன்றுமில்லை.

போனவர்கள் மூன்று பேர்: பாலமுரளி, முகம்மது சித்தீக், கௌரி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் கௌரி நின்றுவிட்டான்.

“மூச்சு வாங்குது முரளி. நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

“தனியா இருந்துப்பீங்களா?”

“யல்லா, போங்க. வர்றப்ப எழுப்பிவிடுங்க.”

அவர்கள் மேலே போனார்கள். உச்சியில் பாலமுரளி சிரித்துக்கொண்டு நிற்க, சித்தீக் படம் எடுத்தார். திரும்பி வந்தபோது கௌரி பாறை நிழலில் சாய்ந்திருந்தான். ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்து உள்ளே வைத்திருந்தான். எழுப்பினார்கள். எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்க மாட்டேன்.

உடல் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. நளினியும் மகளும் கூடவே போய்க் காரியத்தை முடித்துவிட்டு, வீட்டைக் காலி செய்ய வந்திருக்கிறார்கள். அவர்களுடைய விசா கௌரியின் பெயரில் இருந்தது. அடுத்த வாரம் கிளம்பிவிடுவார்கள்.

பாலமுரளி சங்கத்துக்கு ஓர் அஞ்சலிக் குறிப்பு கேட்டார்.

“அக்கா, அவராவே கீழ இறங்கறேன்னு திரும்பிட்டாருன்னு எழுதுங்க.”

“உக்காந்திருக்கேன்னுதானே சொன்னார்?”

“ரெண்டும் ஒண்ணுதானே அக்கா.”

ஒன்றில்லை என்று அவருக்கும் தெரியும். அந்த மனிதர் இளைத்துப்போயிருந்தார். நான் வாதாடவில்லை.

4

நளினி கேட்டது இதற்கு நேர்மாறு. பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

“ஹர்ஷினி ஒரே கேள்வியத்தான் கேக்கறா அக்கா. ‘வாஸ் அப்பா அலோன்?’னு. சாப்பிட உக்காந்தா அதான், படுத்தா அதான். நானும் எத்தன தடவ பேச்ச மாத்தறது?”

“என்ன செய்யணும் சொல்லு.”

“யாரோ பக்கத்துல இருந்தாங்கன்னு சொல்லணும். தண்ணி குடுத்தாங்க, கையப் பிடிச்சிட்டிருந்தாங்கன்னு. எனக்குக் கோவையா சொல்ல வரல. நீங்க எழுதிக் குடுங்க, நான் மனப்பாடம் பண்ணிச் சொல்லிடறேன்.”

“யாரு இருந்தாங்கன்னு சொல்வே?”

“அது உங்க வேலைதானேக்கா.”

அவள் சொன்னது சரி. அது என் வேலைதான். ஒரு வரியில் ஆளைப் பிறக்க வைப்பேன், அடுத்த பக்கத்தில் கொன்றும் போடுவேன். ஒரு பாறை நிழலில் கொஞ்ச நேரம் ஓர் ஆளை உட்கார வைப்பதில் என்ன கஷ்டம் என்று நானும் நினைத்தேன்.

5

ஆள் தேடிய கதை:

பாலமுரளி ஆகாது. உச்சியில் சிரிக்கிற அந்தப் படத்தை ஹர்ஷினி பார்த்துவிட்டாள்.

‘அப்போது ஆடு மேய்க்கும் ஒரு முதியவர் அந்த வழியாக’

வேண்டாம். யாருமில்லாத இடம் என்றால் உடனே ஓர் ஆட்டுக்காரரைக் கொண்டுவருவது சோம்பேறித்தனம். பத்து வயதுப் பெண்கூட நம்பாது.

நானே உட்காரலாம் என்று பார்த்தேன். எதிர் வீட்டுக்காரி ஒருத்தி கௌரியோடு மலையில் தனியாக இருந்தாள் என்றால் கட்டிடமே வேறு கதை எழுதிவிடும். நளினி மிச்சமிருப்பதையும் இழப்பாள்.

கடைசியில் சித்தீக். அவர் படத்தில் இல்லை. ஃபோனில் கேட்டதும் ஒத்துக்கொண்டார். “நான் இருந்தேன்னே சொல்லுங்கக்கா. புள்ள மனசு ஆறுனா போதும்.”

மறுநாள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“பக்கத்துலயே இருந்தீங்களே அங்கிள், ஏன் காப்பாத்தலன்னு கேட்டா என்னக்கா சொல்லுவேன்?”

அவரே தொடர்ந்தார்.

“மேல போனது தப்புன்னு தெனம் அழுதுட்டுத்தான் இருக்கேன். அத நான் சொமந்துக்கறேன். இல்லாத எடத்துல இருந்தேன்னு சொல்லி இதையும் சொமக்க என்னால முடியாதுக்கா. மன்னிச்சிருங்க.”

அவர் அழுதார். நானும் அழுதேன்.

(விமர்சகர்களுக்கு: பாத்திரம் கதையை விட்டு வெளியேறியது என்று இதை எழுதலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மனிதர் படியிறங்கிப் போனதைப் பார்த்திருந்தால் எழுத மாட்டீர்கள்.)

6

இதுவரை கைவசம் உள்ள முடிவுகள்:

உண்மையைச் சொல்லிவிடுவது. ‘ஆமாம் கண்ணு, அப்பா தனியாகத்தான் இருந்தார்.’ எழுதிப் பார்த்தேன். என்னால் அதற்கு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

தூக்கத்திலேயே போய்விட்டான் என்று சொல்வது. ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்தவன் தூங்கத்தான் நினைத்திருப்பான். இதையே முடிவாக வைத்துக்கொள்ளலாம் என்று ஏறக்குறைய தீர்மானித்து

பெல் அடித்தது.

ஹர்ஷினி.

“ஆன்ட்டி, அம்மா சொல்லிட்டாங்க. ஒரு அங்கிள் அப்பா கூட இருந்தாராமே. வேற க்ரூப்ல வந்தவராம். உங்களுக்கு அவரத் தெரியும்னு சொன்னாங்க.”

நளினியால் என் கதைக்காகக் காத்திருக்க முடியவில்லை. அவளே ஓர் ஆளை உண்டாக்கிவிட்டாள். விலாசத்துக்கு என்னைக் கைகாட்டிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

“தெரியும்மா,” என்றேன்.

“நான் அவர் கூடப் பேசணும். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி. ஜஸ்ட் ஒன் கொஸ்டின், ஆன்ட்டி.”

“என்ன கேக்கணும்? நான் கேட்டுச் சொல்றேனே.”

“நோ, நானே கேக்கணும்.” கதவின் தாழ்ப்பாளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். “அப்பா பயந்தாரான்னு.”

அவர் ட்யூட்டியில் இருப்பார், நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

7

இனி என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. எழுதினால் போதாது, ஒரு குரல் வேண்டும். இவ்வளவு நேரம் வாசித்தபடி என்னோடு கூட வந்திருப்பது நீங்கள் ஒருவர்தான். அவளுக்கு உங்களைத் தெரியாது. மலையில் அன்று எடுத்த எந்தப் படத்திலும் நீங்கள் இல்லை.

ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். “அங்கிள்” என்று அம்மா தவறாகச் சொல்லிவிட்டாள் என்று சமாளித்துக்கொள்ளலாம். என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுதித் தர மாட்டேன். நான் எழுதினால் அது எழுதியதுபோல இருக்கும், குழந்தை கண்டுபிடித்துவிடும். ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டாலும் கேட்பாள். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு எத்தனை வருஷம் கழித்து அவள் கூப்பிட்டாலும், அன்றைக்கு அங்கே இருந்தவர் நீங்கள்தான்.

சொன்ன சாயங்காலம் வந்துவிட்டது. இப்போது என் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். நளினி சமையலறை வாசலில் நிற்கிறாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபோன் ஹர்ஷினியின் கையில். உங்கள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் எடுக்காவிட்டால், கௌரிசங்கர் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.